செரெனுக்கு எதிரே இரண்டு

பிப்ரவரி 27

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. பிள்ளைக்கு இன்று ஐந்து நாள். பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம். லேசாக மஞ்சள் காமாலை இருக்கிறது, ஜன்னலோரம் வெளிச்சத்தில் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வேல்ஸில் பிப்ரவரி மாதம் வெளிச்சத்துக்கு நான் எங்கே போவேன்? நானும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான். இதே புத்திமதியை எத்தனை தாய்மாருக்குச் சொல்லி அனுப்பியிருப்பேனோ, கர்த்தர் மன்னிக்கட்டும்.

இந்த டைரி மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் சும்மா கொடுப்பது. ஜனவரிப் பக்கங்களில் என் கணவர் அலெட்டின் எழுத்து இருக்கிறது. எத்தனை லிட்டர் பால், மழையா, எந்த வேலி அறுந்தது, அவ்வளவுதான். இருபத்தொன்பதாம் தேதியோடு நிற்கிறது. மீதிப் பக்கங்கள் வீணாவானேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் போய் இன்றோடு நான்கு வாரம். துப்பாக்கியைத் துடைக்கும்போது விபத்து. ஊரில், சாயர்புரத்தில் இருக்கிற அம்மாவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இந்தப் பண்ணையில் நான், என் மாமியார் ஐர்லிஸ், பிள்ளை. பக்கத்துப் பண்ணை டில்வின் இரண்டு வேளையும் வந்து மாடுகளைக் கறந்துவிட்டுப் போகிறார். தொழுவத்தில் எனக்கு வேலை இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அதற்குள் நான் கால் வைத்ததே கிடையாது. அந்த வாடை எனக்கு ஆகாது. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு டாக்டரே போகக் கூடாது என்றுவிட்டார். மாடுகள் எனக்குக் காதில் மஞ்சள் வில்லை தொங்கும் எண்கள், அவ்வளவுதான். ஜனவரியில் காசநோய்ச் சோதனையில் தேறாதவற்றை அரசாங்க லாரி வந்து கொல்வதற்கு ஏற்றிக்கொண்டு போனபோதும் நான் டூட்டியில் இருந்தேன்.

மார்ச் 2

மழை. பிள்ளை குடித்தது, தூங்கியது, என்மேல் கக்கியது. நான் அழவில்லை.

மார்ச் 4

பிறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து காகிதம் வந்திருக்கிறது. பிறந்து நாற்பத்திரண்டு நாளுக்குள் வந்து பெயரோடு பதிவு செய்ய வேண்டுமாம். கணக்குப் போட்டால் ஏப்ரல் 5. பிள்ளையின் காலில் கட்டியிருந்த பட்டையில் 'பேபி லூயிஸ்' என்று குடும்பப் பெயர் மட்டும் இருக்கிறது. அதைக் கழற்ற மனம் வராமல் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

பெயர் அவர் வைக்க வேண்டியது. அப்படித்தான் ஒப்பந்தம். ஆண் என்றால் நான் ஒரு தமிழ்ப் பெயர், பெண் என்றால் அவர் ஒரு வெல்ஷ் பெயர். நல்ல அர்த்தம் இருக்க வேண்டும், சும்மா சத்தத்துக்கு வைக்கக் கூடாது என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். என்ன பெயர் என்று எத்தனையோ முறை கேட்டேன். "முகத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்" என்பார். முகத்தைப் பார்க்கவில்லை. சொல்லவும் இல்லை.

வேறு யாராவது வைத்தால் அது அவர் வைத்ததாகுமா? ஆகாது. எனக்கு அவர் வைத்ததுதான் வேண்டும். பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து வருவதற்கு இனி வேறு என்ன இருக்கிறது?

மார்ச் 6

கிடைத்துவிட்டது! நடு வீட்டில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிள்ளை பயந்து அழுதது.

ஆணியில் தொங்கிய அவருடைய மழைக் கோட்டைத் துவைக்கலாமென்று எடுத்தேன். உள்பையில் நான்காக மடித்த ஒரு தாள். பாக்கெட் நோட்டிலிருந்து கிழித்தது. அவருடைய கோணல் எழுத்தில் ஒன்பது பெயர்கள். எல்லாம் வெல்ஷ் பெண் பெயர்கள். கள்ளன், முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டு முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனில் அர்த்தம் பார்த்தேன். ஹெய்ல்வென் என்றால் வெயில். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் கேலி மாதிரி இருக்கும். என்விஸ், வானவில். ஐரா, பனி. டெக்வென் என்றால் அழகும் வெண்மையுமாம். என் நிறத்தில் பிறந்தவளுக்கு வெண்மை என்று பெயர் வைத்தால் பள்ளிக்கூடத்தில் சும்மா விடுவார்களா? ப்ளோட்வென் வெள்ளைப் பூ. மறுபடியும் வெள்ளை.

எட்டுப் பெயர்களுக்கு எதிரே ஒரு டிக் இருக்கிறது. கடைசிப் பெயருக்கு மட்டும் டிக் இல்லை. அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார், அழுத்தி, தாள் கிழியும்படி. செரென். நட்சத்திரம். வட்டத்துக்குப் பக்கத்தில் 2 என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாவது விருப்பம் என்று அர்த்தமோ? அப்படியானால் முதலாவது எது? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறெதிலும் எண் இல்லை. சரி, வட்டம் போட்டதுதான் முடிவு. செரென், செரென் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பிள்ளை கொட்டாவி விட்டது.

மார்ச் 11

மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். பிள்ளைக்குக் காமாலை இறங்கிவிட்டது. டயப்பர் தீரப் போகிறது, வாங்க வேண்டும்.

மார்ச் 13

ஐர்லிஸிடம் பட்டியலைக் காட்டினேன். இத்தனை நாள் எனக்கு மட்டும் என்று வைத்திருந்தேன், அது அல்பத்தனம் என்று இன்று தோன்றியது. மகனைப் பறிகொடுத்தவள்.

உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் பெயர்களை வாசித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மூன்றாவது பெயரிலேயே கத்தி நின்றுவிட்டது. "இது எங்க கிடைச்சுது?" என்றாள். கோட்டுப் பையில் என்றேன். செரென் என்று முடிவு செய்திருக்கிறேன், வட்டம் போட்டிருக்கிறார் பாருங்கள் என்றேன். தாளை வாங்கவே இல்லை. கையைக்கூடத் துடைக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அரைமணி நேரம் கழித்து வந்து, "அந்தப் பேர் வேண்டாம், எப்ஸி. வேற எது வேணும்னாலும் வை" என்றாள். ஏன் என்று கேட்டேன். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 16

அம்மா பேசினாள். "ஏட்டி எப்சிபா, இன்னுமா பிள்ளைக்குப் பேரு வைக்கல? ஊர்ல எல்லாரும் கேக்காவ. வேதத்துல இருந்து ஒரு நல்ல பேரா எடுத்து வைக்க வேண்டியதுதானே." எனக்கு வைத்ததும் வேதத்துப் பெயர்தான். என் பிரியம் இவள்மேல் என்று அர்த்தம், அப்பா தேடி எடுத்தது. மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன், ஐர்லிஸ் என்று பெயர் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அது போதும். மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு ஆகிவிட்டதா என்று பத்து நிமிஷம். இங்கே எல்லாரும் அப்படித்தான் என்றால் அவளுக்குப் புரிவதில்லை.

போனை வைப்பதற்கு முன்னால், விசாரணை ஏதோ இருக்கிறது என்றாயே, என்ன ஆச்சு என்று கேட்டாள். எல்லாம் சும்மா காகித வேலை என்றேன்.

எங்கள் தெருவில் தங்கையா மாமா அரளி விதையைத் தின்று செத்தபோது எங்கள் சபைக் கோயிலில் மணி அடிக்கவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஏன் மணி அடிக்கவில்லை என்று கேட்டதற்கு அம்மா என் வாயைப் பொத்தினாள். இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 19

திருப்புளி தேடி அடுப்படி இழுப்பறையைக் குடைந்தேன். துப்பாக்கி துடைக்கிற எண்ணெயும் நீளத் தூரிகையும் வழக்கமான இடத்தில் இருந்தன. துணி மட்டும் இல்லை. இழுப்பறையை மூடிவிட்டேன். திருப்புளி கிடைக்கவில்லை.

மார்ச் 20

அந்தக் கடைசிக் காலையில் அவர் நாயை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். சேற்றுக் காலோடு நாய் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். நான் மாடியில் படுத்திருந்தேன். நாய் ஏன் உள்ளே அழுகிறது என்று எரிச்சல்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மார்ச் 24

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலையில் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டு ஏப்ரல் மூன்றுக்கு நேரம் வாங்கினேன். ஐர்லிஸ் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்ன பெயர் என்றாள். செரென் என்றேன். கூடாது என்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை நாளாக மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். "என் பிள்ளை கறுப்பு. அதுக்கு உங்க பாஷைப் பேர் போறது உங்களுக்குப் பொறுக்கல, அதானே?"

கேட்ட மாத்திரத்தில் அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் கேட்டாயிற்று. என் கோட்டை எடுத்து நீட்டினாள். பிள்ளையைத் தூக்கித் தன் சால்வைக்குள் போர்த்திக்கொண்டாள். "வா" என்றாள்.

தொழுவத்துக்குக் கூட்டிப் போனாள். முதல்முறையாக உள்ளே போனேன். இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டிய கொட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கருங்கல் பலகைத் துண்டு, நாங்கள் பள்ளியில் எழுதிய சிலேட்டைப் போல. அதில் சாக்பீஸால் பெயர். அலெட்டின் கோணல் எழுத்து. வலது கோடியில் மாடில்லாத கொட்டில்கள். ஹெய்ல்வென். என்விஸ். ஐரா. டெக்வென். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன். கடைசியில் செரென். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள மாடாம். கன்றாயிருக்கும்போது புட்டியில் பால் கொடுத்து அவரே வளர்த்தது.

"எட்டை லாரியில ஏத்தினாங்க. ஏற ஏற அலெட் டிக் போட்டான்" என்றாள் ஐர்லிஸ். "செரென் ஈனறதுக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு. நிறைமாசத்தை லாரியில ஏத்தக் கூடாது. அதனால முற்றத்திலயே சுட்டாங்க. அவன்தான் கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னான். மத்த யார் பிடிச்சாலும் அது நிக்காது."

அப்படியென்றால் அந்த இரண்டு? கையோடு கொண்டுவந்திருந்த தாளை நீட்டி அந்த எண்மேல் விரலை வைத்தேன்.

"வயித்துல இருந்ததையும் சேத்து" என்றாள். "அது செத்த பிறகும் வயிறு கொஞ்ச நேரம் அசைஞ்சுது. அதைப் பார்த்துட்டுத்தான் அவன் உள்ள வந்தான். அதுக்கப்புறம் என்கிட்ட சரியாப் பேசவே இல்ல."

அது ஜனவரி பதினான்கு. நான் அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து, கால் வீங்கியிருக்கிறது, வெந்நீர் வை என்று அவரிடம் சொன்னேன். வைத்துக் கொடுத்தார். கால்மாட்டில் உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

வெளியே வரும்போது ஐர்லிஸ் இன்னொன்றும் சொன்னாள். அவர் கிடந்ததை முதலில் பார்த்தது அவள்தான். போலீஸ் வருவதற்கு முன்னால் அடுப்படி இழுப்பறையிலிருந்து துப்பாக்கி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டது அவள்தான். எண்ணெயும் தூரிகையும் நினைவுக்கு வரவில்லையாம்.

எனக்குத் தெரியும் என்றேன். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும் என்றாள்.

மார்ச் 25

இன்று காலை இரண்டு பேருமே உறைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவளுக்கும் ஒன்று வந்திருக்கிறது, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். விசாரணை ஏப்ரல் 9. துணியைப் பற்றி அங்கே சொல்லப் போகிறேன் என்றாள். சொல்லுங்கள் என்றேன்.

இதுவரை இந்த டைரியில் அவர், அவர் என்று எழுதி வந்தேன். செத்துப்போனவருக்குக் கொடுத்த மரியாதை. இனி அவன்தான். அலெட் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான். மாட்டின் வயிற்றிலிருந்த கன்றை எண்ணி இரண்டு என்று எழுதத் தெரிந்தவனுக்கு, மாடியில் படுத்திருந்தவளும் இரண்டு பேர் என்று எண்ணத் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் மட்டும் உயிரோடு வந்து நின்றால் இந்தக் கையாலேயே அறைவேன். அறைந்துவிட்டு விடவே மாட்டேன்.

அவன் என் பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. வைக்காமலேயே போய்விட்டான். அதுதான் உண்மை.

மார்ச் 27

பட்டியலைக் கிழிக்கப் போனேன். முடியவில்லை. கோட்டுப் பையிலேயே திரும்ப வைத்தேன். கோட்டைத் துவைக்கவில்லை.

மார்ச் 30

ஐர்லிஸிடம் மன்னிப்புக் கேட்டேன், கறுப்பு என்று சொன்னதற்கு. அதற்கு அவள், நீ வந்த புதிதில் ஊரில் இரண்டு பேர் அப்படிப் பேசினார்கள்தான், அவர்களோடு இன்றுவரை நான் பேசுவதில்லை என்றாள். பிறகு, செரென் என்றே வைப்பதானால் வை, நான் பழகிக்கொள்வேன் என்றாள். அந்தப் பெயரை முற்றத்தில் நின்று கூப்பிட அவளால் ஆகாது. சுட்டுக் கொன்ற மாட்டின் பெயரை என் பிள்ளைக்குச் சுமத்த எனக்கும் மனமில்லை. வேறு தேடுவோம் என்றேன். வெல்ஷ் பெயர்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. இவள் இந்த மண்ணில் வளர வேண்டியவள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இந்தப் பண்ணையில் எந்த மாட்டுக்கும் வைக்காத பெயராக இருக்க வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. நான்கு தலைமுறையாக இந்தக் குடும்பத்தில் மாட்டுக்கெல்லாம் பெண் பிள்ளைப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். நான் போனில் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹாவ், கோடைக்காலம் என்று அர்த்தம். அது ஒரு கிடேரி, கிணற்றில் விழுந்தது என்றாள். க்வென்னோ? பால் வாளியை உதைக்கும். மெய்ரியோன்வென்? அது அவள் கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா ஓட்டி விட்ட மாடு. நல்ல அர்த்தம் உள்ள பெயர் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை இந்த மனிதர்கள். எங்கள் வீட்டு மாட்டுக்குச் செல்லக்கனி என்று பெயர், என் அத்தைக்கும் அதே பெயர்தான் என்று சொன்னேன். ஐர்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் அழுதுவிட்டோம். பிள்ளை எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

இருபதாவதோ இருபத்தொன்றாவதோ, அங்ஹாரட் என்று ஒன்று சொன்னேன். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள்.

"இல்ல. அந்தப் பேர்ல மாடு இருந்ததே இல்ல" என்றாள். "அது ரொம்ப நீளம். கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள மாடு வேலியைத் தாண்டிடும்."

அர்த்தம் கேட்டேன். மிகவும் நேசிக்கப்பட்டவள். ரொம்பப் பழைய பெயராம்.

யாரால் நேசிக்கப்பட்டவள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஐர்லிஸ் பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு அங்ஹாரட், அங்ஹாரட் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 3

பதிவாயிற்று.

டில்வின் காரில் கொண்டு விட்டார். பதிவு செய்யும் அம்மாள் நல்ல மாதிரி. பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள், ஐர்லிஸ் சொன்னாள். தகப்பன் பெயர் கேட்டாள், சொன்னேன். தொழில் கேட்டாள். மாடு வளர்க்கிறவர் என்றேன். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். தொழிலுக்குப் பக்கத்தில் காலமானவர் என்று தட்டினாள். கையெழுத்துப் போட அவர்களுடைய பேனாவைத்தான் கொடுத்தார்கள், மை அழியாதாம்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கிடத்திவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். பெயரைச் சொன்னேன். மூன்று தடவை திருத்திய பிறகு அம்மாவுக்கு வாயில் நுழைந்தது. அர்த்தத்தைச் சொன்னதும், "நல்லாருக்கு. ஒங்க அப்பா ஒனக்கு வச்சதும் கிட்டத்தட்ட இதானட்டி" என்றாள். மருமகன்தான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாரா என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லம்மா. நான்தான் வச்சேன். அலெட் வைக்கல" என்றேன். "அம்மா, அது விபத்து இல்ல. அவனே தன்னச் சுட்டுக்கிட்டான்."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் துண்டித்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். துண்டிக்கவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பிள்ள தல எந்தப் பக்கம் திரும்பிக் கெடக்கு?" என்றாள் அம்மா.

வலப்பக்கம் என்றேன்.

"இந்தப் பக்கம் திருப்பி வை. ஒரே பக்கமா கெடந்தா தல சப்பிப் போயிரும்."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு திருப்பி வைத்தேன். வைத்துவிட்டேன் என்றேன். அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, ஏதோ இழுத்துத் திறக்கிற சத்தம்.

"பேனா எடுத்துட்டேன். பேரச் சொல்லு, எழுதிக்கிடுதேன்" என்றாள். "ஞாயித்துக்கெழம கோயில்ல ஜெபத்துக்குக் கொடுக்கணும். ரெண்டு பேரு பேரையும் சொல்லு. அவரு பேரும் வேணும்."

தங்கையா மாமாவுக்கு மணி அடிக்காத கோயில் அது. பாதிரி ஐயர் வாசிக்க மாட்டார் அம்மா என்றேன்.

"அவரு வாசிக்காட்டா நான் எந்திச்சு நின்னு வாசிப்பேன். நீ சொல்லு."

அங்ஹாரட், அலெட் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அம்மா எழுதிக்கொண்டாள்.